சைக்கிளும் புகையும்

 

இன்றைய பேச்சு சைக்கிளைப் பற்றியது. சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களின் மூச்சைப் பற்றியது.

சைக்கிள் உழைப்பவர்களின் வாகனம். அது பெட்ரோல் கேட்காது. டீசல் கேட்காது. பஞ்சர் ஒட்டி, காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டால் ஓடும். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. அப்போது இந்தியாவில் 100 வீடுகளுக்கு ஏறத்தாழ 45 வீடுகளில் சைக்கிள் இருந்தது. கார் 5 வீடுகளில்கூட இல்லை. விவசாயமும் வீட்டுத் தொழிலும் அல்லாத வேலை செய்கிறவர்களில் 100க்கு 13 பேர் சைக்கிளில் வேலைக்குப் போனார்கள்.

சைக்கிள் புகை விடாது. ஆனால் மற்றவர்கள் விடும் புகையைச் சைக்கிள் ஓட்டுகிறவர்தான் அதிகம் சுவாசிக்கிறார். இது நியாயமா? இல்லை. ஆனாலும் நடக்கிறது.

இது ஏன் நடக்கிறது? இதில் தனி ஆள் என்ன செய்யலாம்? எல்லோரும் சேர்ந்து என்ன செய்யலாம்? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தேடுவோம். எடுத்துக்காட்டுக்குத் தில்லி நகரத்தை எடுத்துக்கொள்வோம். காற்று மிகவும் கெட்டுப்போன நகரங்களில் அதுவும் ஒன்று.

ஓக்லாவுக்குப் போகும் வழி

தில்லியின் தெற்கே சங்கம் விகார் என்ற பகுதி இருக்கிறது. உழைக்கும் மக்கள் நெருக்கமாக வாழும் இடம். அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் ஓக்லா தொழிற்பேட்டை இருக்கிறது. அங்கே துணி தைக்கும் ஆலைகள் உண்டு. அச்சகங்கள் உண்டு. வேறு பல பட்டறைகளும் உண்டு.

சங்கம் விகாரில் குடியிருக்கும் ஒரு தொழிலாளியை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் ஓக்லாவில் வேலை பார்க்கிறார். சைக்கிளில் போக 40 நிமிடம். வர 40 நிமிடம். வாரத்தில் 6 நாள் வேலை.

கணக்குப் போடுங்கள். ஒரு நாளைக்கு 80 நிமிடம். 6 நாளைக்கு 480 நிமிடம். அதாவது வாரத்துக்கு 8 மணி நேரம். இந்த 8 மணியை நினைவில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

அவர் போகும் வழியில் மெஹ்ரௌலி - பதர்பூர் சாலை வருகிறது. லாரி, பஸ், ஆட்டோ, கார் எல்லாம் போகும் சாலை அது. அவருடைய முகம் லாரியின் சைலன்சருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவருக்குக் கண்ணாடிக் கதவு இல்லை. கூரை இல்லை. நவம்பர் மாதத்தில் தொண்டை கரகரக்கிறது. கண் எரிகிறது. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

கண்ணுக்குத் தெரியாத தூசி

காற்றில் இரண்டு வகைத் தூசி உண்டு. ஒன்று, கண்ணுக்குத் தெரியும் பெருந்தூசி. லாரி போனால் கிளம்பும் மண் இந்த வகை. இதில் பெரும்பகுதியை மூக்கு தடுத்துவிடும். தும்மலும் சளியும் அதை வெளியே தள்ளும்.

இன்னொன்று நுண்தூசி. இது தனியாகக் கண்ணுக்குத் தெரியாது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காகப் பிரியுங்கள். அதில் ஒரு பங்குக்கு ஒரு மைக்ரான் என்று பெயர். இந்த நுண்தூசியின் அளவு இரண்டரை மைக்ரான். அதற்குக் குறைவாகவும் இருக்கும். தலைமுடியின் பருமன் இதைவிட 20 மடங்குக்கும் அதிகம். அவ்வளவு சிறியது இந்தத் தூசி.

இது எங்கிருந்து வருகிறது? எரிவதிலிருந்து வருகிறது. டீசல் எரிந்தால் வரும். நிலக்கரி எரிந்தால் வரும். குப்பை எரிந்தாலும், விறகு எரிந்தாலும், பீடி எரிந்தாலும் வரும். காற்றில் உள்ள சில வாயுக்கள் ஒன்றோடு ஒன்று சேர்ந்தும் உண்டாகும்.

மூக்கு இதைத் தடுப்பதில்லை. இது நுரையீரலின் அடிவரை போகிறது. மிகச் சிறிய துகள்கள் அங்கிருந்து இரத்தத்திலும் கலக்கின்றன. அதனால் நுரையீரல் மட்டும் கெடுவதில்லை. மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றுக்கும் இது ஒரு காரணம். வெளிக்காற்றின் மாசு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2013இல் அறிவித்தது.

குளிர்காலத்தில் ஏன் அதிகம்?

புகை எப்போதும் இருக்கிறது. ஆனால் தில்லியில் அக்டோபர் முதல் ஜனவரி வரை ஏன் இவ்வளவு மோசம்?

வீட்டில் அடுப்புப் புகையைப் பாருங்கள். சூடான புகை மேலே போகிறது. கூரையில் ஓட்டை இருந்தால் வெளியேறுகிறது. ஓட்டையை அடைத்தால்? புகை வீட்டுக்குள்ளேயே சுற்றுகிறது.

குளிர்காலத் தில்லியிலும் இப்படித்தான் நடக்கிறது. இரவில் தரை குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. அது மேலே எழாது. அதற்கு மேலே சற்று வெதுவெதுப்பான காற்று மூடிபோல நிற்கிறது. வீசும் காற்றும் குறைவு. அதனால் நகரத்தின் புகை அடியிலேயே தங்கிவிடுகிறது.

அதே சமயத்தில் பஞ்சாபிலும் அரியானாவிலும் நெல் அறுவடை முடிகிறது. அடுத்துக் கோதுமை விதைக்க வேண்டும். நாள் குறைவு. வயலில் நிற்கும் நெல்தாளைச் சிலர் தீ வைத்து எரிக்கிறார்கள். அந்தப் புகையும் தில்லிக்கு வந்து சேர்கிறது. ஆனால் பழியை விவசாயி மேல் மட்டும் போட முடியாது. தாள் எரிவது சில வாரங்கள்தான். வண்டிப் புகையும், ஆலைப் புகையும், கட்டட வேலைத் தூசியும், குப்பை எரிப்பும் ஆண்டு முழுவதும் இருக்கின்றன.

2024 நவம்பர் 18 அன்று தில்லியின் காற்றுத் தர எண் 490ஐத் தாண்டியது. இந்த எண்ணின் உச்ச அளவே 500தான்.

மூச்சுக் கணக்கு

சும்மா உட்கார்ந்திருப்பவர் ஒரு நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றைச் சுவாசிக்கிறார். சைக்கிள் மிதிப்பவருக்கு அது போதாது. கால் வேலை செய்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது. அவருக்கு ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 30 லிட்டர் காற்று வேண்டும். மேட்டில் மிதித்தால் இன்னும் அதிகம்.

40 நிமிடத்துக்குக் கணக்குப் பாருங்கள். பஸ்ஸில் உட்கார்ந்து போகிறவர் 320 லிட்டர் காற்றைச் சுவாசிப்பார். சைக்கிளில் போகிறவர் 1200 லிட்டர் சுவாசிப்பார். ஏறத்தாழ நாலு மடங்கு. காற்றோடு நுண்தூசியும் உள்ளே போகிறது.

ஆகவே உடம்புக்குள் போகும் புகை மூன்று விஷயங்களைப் பொறுத்தது.

1. காற்றில் எவ்வளவு புகை இருக்கிறது?
2. எவ்வளவு வேகமாக மூச்சு வாங்குகிறது?
3. எவ்வளவு நேரம் அந்தக் காற்றில் இருக்கிறோம்?

இந்த மூன்றில் எதைக் குறைத்தாலும் லாபம்தான்.

அப்படியானால் சைக்கிளை விட்டுவிடலாமா?

சைக்கிள் மிதிப்பது உடம்புக்கு நல்லது. இதயத்துக்கு நல்லது. சர்க்கரை நோயையும் கட்டுப்படுத்த உதவும். புகையோ கெடுதல். இரண்டையும் தராசில் வைத்தால் எந்தப் பக்கம் தாழும்?

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் இதைக் கணக்கிட்டார்கள். உலகின் பெரும்பாலான நகரங்களில் சைக்கிளால் வரும் நன்மையே அதிகம் என்று கண்டார்கள். தில்லியைப் பற்றியும் சொன்னார்கள். தில்லியில்கூட வாரத்துக்கு 5 மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால்தான் தீமை நன்மையை மிஞ்சும் என்றார்கள்.

இப்போது அந்த 8 மணியை நினைத்துப் பாருங்கள். நமது தொழிலாளி 5 மணியைத் தாண்டிவிடுகிறார். உடற்பயிற்சிக்காக அரை மணி ஓட்டுகிறவருக்கு நன்மை. வயிற்றுப்பாட்டுக்காக 8 மணி ஓட்டுகிறவருக்குத் தீமை. ஒரே சைக்கிள்தான். ஒரே காற்றுதான்.

ஆனால் இந்த 5 மணி என்பது ஒரு மதிப்பீடு. ஆண்டு முழுவதற்கும் சராசரியாகப் போட்ட கணக்கு. நல்ல நாளில் கூடுதலாக ஓட்டலாம். மோசமான நாளில் குறைக்க வேண்டும். அந்த மோசமான வாரத்தில் மட்டும் இரண்டு நாள் பஸ்ஸில் போனால்? 480 நிமிடத்தில் 160 நிமிடம் குறையும். மீதி 320 நிமிடம். 5 மணி 20 நிமிடம். பஸ்ஸிலும் புகை உண்டு. ஆனால் அங்கே மூச்சு மெதுவாக ஓடும்.

பஸ்ஸுக்குக் காசு வேண்டும் என்பது உண்மை. ஆகவே எல்லா நாளும் வேண்டாம். எந்த நாள் என்று தெரிந்தால் போதும். அதை எப்படித் தெரிந்துகொள்வது?

எண்ணைப் படியுங்கள், நிறத்தைப் பாருங்கள்

2015 முதல் இந்தியாவில் காற்றுத் தர எண் வெளியிடப்படுகிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாள்தோறும் இதை வெளியிடுகிறது. செல்போனில் பார்க்கலாம். செய்தித்தாளிலும் வரும். எண் கூடினால் காற்று கெட்டது என்று பொருள்.

0 முதல் 50 வரை: பச்சை. நல்ல காற்று.
51 முதல் 100 வரை: இளம்பச்சை. பரவாயில்லை.
101 முதல் 200 வரை: மஞ்சள். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் கவனம்.
201 முதல் 300 வரை: ஆரஞ்சு. மோசம்.
301 முதல் 400 வரை: சிவப்பு. மிக மோசம்.
401 முதல் 500 வரை: கருஞ்சிவப்பு. கடுமையான ஆபத்து.

எண் 200 வரை இருந்தால் வழக்கம்போல் சைக்கிளில் போகலாம். நோய் உள்ளவர்கள் மட்டும் 101 முதலே கவனமாக இருக்க வேண்டும். 200ஐத் தாண்டினால் முகக்கவசம் போட வேண்டும். 300ஐத் தாண்டினால் முடிந்தவரை வேறு வழி தேட வேண்டும். 400ஐத் தாண்டினால் சைக்கிளை வீட்டில் விட்டுவிடுவதே நல்லது. படிக்கக் கற்ற ஒருவர் இந்த எண்ணைப் பார்த்து அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லலாம்.

நேரம், வழி, வேகம்

நேரம்: விடியற்காலைக் காற்று சுத்தமானது என்று நினைக்கிறோம். குளிர்காலத் தில்லியில் அப்படி இல்லை. இரவு முழுவதும் தங்கிய புகை காலை 9 மணி வரையிலும் தரையோடு நிற்கும். வெயில் ஏறிய பிறகே காற்று மேலெழும். பிற்பகலில்தான் புகை குறைவு. ஷிப்டு நேரத்தைத் தொழிலாளி தனியாக மாற்ற முடியாது. ஆனால் எல்லோரும் சேர்ந்து கேட்கலாம். 2024 நவம்பரில் தில்லியில் அரசு அலுவலகங்களின் வேலை நேரத்தை மாற்றி அமைத்தார்கள். வண்டிகள் ஒரே நேரத்தில் சாலையில் குவியாமல் இருக்க அப்படிச் செய்தார்கள். அலுவலகத்துக்கு முடிந்தது ஆலைக்கும் முடியும்.

வழி: பெரிய சாலையிலிருந்து தள்ளிப் போகப் போகப் புகை குறையும். உள்தெரு சற்றுச் சுற்றுவழியாக இருக்கலாம். ஐந்து நிமிடம் கூடுதலாகலாம். ஆனால் லாரி இல்லாத தெரு என்றால் லாபம்தான். ஒரு விடுமுறை நாளில் அந்த வழியை ஓட்டிப் பாருங்கள். அரை மணி சுற்று என்றால் வேண்டாம். அதில் நேரம் கூடிவிடும்.

சிக்னல்: சிக்னலில் வண்டிகள் எஞ்சினை அணைக்காமல் நிற்கும். புகை அதிகமாகச் சேரும் இடம் இதுதான். லாரிக்குப் பின்னால் நிற்காதீர்கள். பின்னால் பத்து அடி தள்ளி, ஓரமாக நில்லுங்கள். லாரிக்கும் நடைமேடைக்கும் நடுவே நுழையாதீர்கள். திரும்பும் லாரியின் ஓட்டுநருக்குச் சைக்கிள் தெரியாது. புகையிலிருந்து தப்ப நினைத்துச் சக்கரத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

வேகம்: மூச்சு இரைக்க மிதிக்காதீர்கள். மிதிக்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் பேச முடிகிறதா? அதுதான் சரியான வேகம். பேச முடியவில்லை என்றால் வேகத்தைக் குறையுங்கள். மேடு வந்தால் இறங்கித் தள்ளுங்கள். அதில் வெட்கம் இல்லை.

சைக்கிளையும் கவனியுங்கள். டயரில் காற்று குறைந்தால் மிதி கனக்கும். செயின் காய்ந்தாலும் மிதி கனக்கும். மிதி கனத்தால் மூச்சு கூடும். மூச்சு கூடினால் புகை கூடும். வாரம் ஒரு முறை காற்றடியுங்கள். செயினுக்கு எண்ணெய் விடுங்கள். புகைமூட்டத்தில் பின்னால் வருகிற வண்டிக்கு எதுவும் தெரியாது. பின்சக்கரத்தின் மட்கார்டில் சிவப்பு ரிப்ளெக்டர் வையுங்கள். வெளிர்நிறச் சட்டை போடுங்கள்.

துண்டு போதுமா?

பலர் முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு ஓட்டுகிறார்கள். சிலர் அதை நனைத்தும் கட்டுகிறார்கள். துண்டு பெருந்தூசியைத் தடுக்கும். குளிரையும் தடுக்கும். நுண்தூசியைத் தடுக்காது. மீன் வலையில் மணலைப் பிடிக்க முடியுமா? துணியின் இழை இடைவெளிகள் நுண்தூசிக்குப் பெரிய வாசல்கள்.

என்-95 என்ற முகக்கவசம் வேறு வகை. கொரோனா காலத்தில் மருத்துவமனை ஊழியர்கள் போட்டிருந்ததைப் பார்த்திருப்பீர்கள். சோதனைக்கூடத்தில் இது நுண்துகள்களில் 100க்கு 95 பங்கைத் தடுக்கும். ஆனால் ஒரு நிபந்தனை. முகத்தோடு ஒட்டி இருக்க வேண்டும். ஓரத்தில் இடைவெளி இருந்தால் காற்று அந்த வழியாகத்தான் போகும்.

போட்டபின் சோதித்துப் பாருங்கள். இரண்டு கையாலும் கவசத்தை மூடுங்கள். வேகமாக மூச்சு விடுங்கள். கண்ணுக்குக் கீழே காற்று வருகிறதா? மூக்கின் மேல் உள்ள கம்பியை அழுத்துங்கள். கன்னத்தின் ஓரம் காற்று வருகிறதா? நாடாவை இழுத்துச் சரி செய்யுங்கள். அடர்ந்த தாடி இருந்தால் கவசம் சரியாகப் பொருந்தாது.

இதைச் சோப்புப் போட்டுத் துவைக்கக் கூடாது. துவைத்தால் தடுக்கும் சக்தி போய்விடும். வியர்வையில் நனைந்தால், கிழிந்தால், அழுக்கேறினால், நாடா தளர்ந்தால் மாற்ற வேண்டும். இது வாயுக்களைத் தடுக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். இதைப் போட்டு மிதித்தால் மூச்சு சற்றுச் சிரமமாக இருக்கும். மெதுவாக ஓட்டுங்கள். இதய நோயும் ஆஸ்துமாவும் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுப் போட வேண்டும்.

வெல்லம் நுரையீரலைக் கழுவுமா?

வடநாட்டில் ஒரு நம்பிக்கை உண்டு. தூசியில் வேலை செய்தவர் ஒரு கட்டி வெல்லம் தின்றால் நெஞ்சில் உள்ள தூசி போய்விடும் என்பார்கள். வெல்லம் தின்னலாம். உழைத்த உடம்புக்குத் தெம்பு. ஆனால் நுரையீரலுக்குள் போன தூசியை அது எடுக்காது. சாப்பாடு போகும் குழாய் வேறு. மூச்சுப் போகும் குழாய் வேறு. வெல்லம் வயிற்றுக்குப் போகிறது. தூசியோ நுரையீரலில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் முகம், கை கழுவுங்கள். வாய் கொப்பளியுங்கள். தண்ணீர் குடியுங்கள். தொண்டைக்கும் கண்ணுக்கும் சுகமாக இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, பீடி சிகரெட்டை விடுங்கள். சாலைப் புகையைத் தடுக்கக் கவசம் போட்டுவிட்டு, ஆலை வாசலில் பீடி பற்றவைத்தால் என்ன பயன்?

உடம்பு சொல்வதைக் கேளுங்கள்

இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நிற்கிறதா? அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அது காசநோயாகவும் இருக்கலாம். சளிப் பரிசோதனை இலவசம். முன்பு எளிதாக ஏறிய மேட்டில் இப்போது மூச்சு முட்டுகிறதா? மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஓட்டும்போது நெஞ்சு வலித்தால் உடனே நிறுத்துங்கள். நெஞ்சை இறுக்கினாலும், தலை சுற்றினாலும், மூச்சுவிட முடியாமல் போனாலும் நிறுத்துங்கள். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று மேலும் மிதிக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுங்கள். மருத்துவமனைக்குப் போங்கள். அரை நாள் கூலி போனால் சம்பாதிக்கலாம். ஆஸ்துமா உள்ளவர்கள் உறிஞ்சும் மருந்தைச் சட்டைப் பையில் வைத்திருங்கள். வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள்.

தனி ஆளால் முடியாதது

இதுவரை சொன்னது தன்னைக் காத்துக்கொள்ளும் வழி. இதனால் புகை உள்ளே போவது குறையும். நின்றுவிடாது. வானத்துக்கு முகக்கவசம் போட முடியாது. புகை வரும் இடத்தில்தான் அதை நிறுத்த வேண்டும்.

அது முடியுமா? முடியும் என்பதற்குத் தில்லியே சாட்சி.

1985இல் எம்.சி. மேத்தா என்ற வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். தில்லியின் வண்டிப் புகையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று கேட்டார். வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. 1998 ஜூலையில் நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. தில்லியின் பஸ்கள் எல்லாம் டீசலை விட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும் என்றது. முடியாது என்று பலர் சொன்னார்கள். எரிவாயு நிரப்ப நீண்ட வரிசை நின்றது. ஆனாலும் 2002ஆம் ஆண்டு முடிவதற்குள் நகரப் பஸ்கள் மாறிவிட்டன. ஆட்டோக்களும் மாறின. பஸ்ஸின் கரும்புகை குறைந்தது. இதற்கிடையில் 2000ஆம் ஆண்டில் ஈயம் கலந்த பெட்ரோலும் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது.

பிறகு ஏன் காற்று மீண்டும் கெட்டது? கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஆண்டுதோறும் பெருகின. கட்டட வேலைகள் பெருகின. ஒரு பக்கம் கிடைத்த லாபத்தை மறுபக்கம் தின்றுவிட்டது.

இன்னொரு கதையும் உண்டு. 2008இல் தில்லியில் அம்பேத்கர் நகர் முதல் மூல்சந்த் வரை ஒரு சாலை அமைத்தார்கள். நீளம் 6 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பஸ்ஸுக்குத் தனிப் பாதை. சைக்கிளுக்குத் தனிப் பாதை. நடப்பவர்களுக்கும் தனிப் பாதை. லாரி இடிக்கும் என்ற பயம் குறைந்தது. சைலன்சரிலிருந்து சில அடி தள்ளி ஓட்ட முடிந்தது.

கார் வைத்திருப்பவர்கள் தங்கள் இடம் குறைந்துவிட்டது என்று கோபப்பட்டார்கள். உயர் நீதிமன்றத்தில் வழக்கும் வந்தது. 2012இல் நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஆனாலும் எதிர்ப்பு நிற்கவில்லை. 2016இல் அந்தத் தனிப் பாதையைப் பிரித்து எடுத்துவிட்டார்கள்.

காரில் போகிறவர்களின் குரல் பத்திரிகையில் வந்தது. தொலைக்காட்சியில் வந்தது. பஸ்ஸிலும் சைக்கிளிலும் போகிறவர்களின் குரல் அவ்வளவு உரக்கக் கேட்கவில்லை.

கேட்பது உரிமை

நல்ல காற்று யாரும் போடும் பிச்சை அல்ல. நமது அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு உயிர் வாழும் உரிமையைத் தருகிறது. மாசில்லாத நீரும் காற்றும் அந்த உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1991இல் சொன்னது. காற்று மாசைத் தடுக்க 1981 முதல் தனிச் சட்டமும் இருக்கிறது.

இது தில்லிக்கு மட்டும் உரிய பேச்சு அல்ல. 2019இல் மத்திய அரசு தேசிய தூய காற்றுத் திட்டத்தைத் தொடங்கியது. காற்றைச் சீர்செய்ய வேண்டிய நகரங்களின் பட்டியல் அதில் இருக்கிறது. நாடெங்கும் 100க்கும் மேற்பட்ட நகரங்கள். சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடியும் அந்தப் பட்டியலில் உண்டு.

ஆலையில் என்ன கேட்கலாம்?

1. குளிர்காலத்தில் வேலை ஒரு மணி நேரம் தாமதமாகத் தொடங்கட்டும். முடியும் நேரத்தைப் பேசி முடிவு செய்யலாம்.
2. காற்று மிக மோசமான நாட்களில் நல்ல முகக்கவசம் தரட்டும்.
3. அந்த நாட்களில் தாமதமாக வந்தால் கூலியைப் பிடிக்க வேண்டாம்.

நகர நிர்வாகத்திடம் என்ன கேட்கலாம்?

1. தொழிற்பேட்டைக்குப் போகும் சாலைகளில் சைக்கிளுக்குத் தனிப் பாதை வேண்டும். அதில் கார் நிறுத்தக் கூடாது.
2. குப்பையை எரிக்கக் கூடாது. எரிப்பவர் மீது நடவடிக்கை வேண்டும்.
3. புகை கக்கும் வண்டிகளைப் பிடித்துச் சோதிக்க வேண்டும்.
4. பஸ்கள் கூடுதலாக வேண்டும்.

இவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். தேதி போடுங்கள். எந்தச் சாலை, எந்த இடம் என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள். சைக்கிளில் வரும் எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். கொடுத்ததற்கு ரசீது கேளுங்கள். ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கேட்டால் புலம்பல் என்பார்கள். இருநூறு கையெழுத்து இருந்தால் அது மனு.

நாளை காலையில் சைக்கிளை எடுக்கும்முன் மூன்று வேலை செய்யுங்கள். காற்றின் எண்ணைப் பாருங்கள். டயரை அழுத்திப் பாருங்கள். லாரி போகாத வழி எது என்று யோசியுங்கள். மாலையில் உடன் வேலை செய்கிறவர்களிடம் மனுவைப் பற்றிப் பேசுங்கள்.



கலந்து பேசுங்கள்

1. உங்கள் ஊரில் புகை அதிகமாக வரும் இடங்கள் எவை? எதனால் வருகிறது?
2. நீங்கள் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் சைக்கிள் ஓட்டுகிறீர்கள்? கணக்குப் போட்டு எழுதுங்கள்.
3. வேலைக்குப் போக வேறு உள்தெரு வழி உண்டா? அந்த வழியை வரைந்து காட்டுங்கள்.
4. தில்லியில் சைக்கிள் பாதையை ஏன் எடுத்தார்கள்? அது நிலைத்திருக்க யார் என்ன செய்திருக்கலாம்?
5. உங்கள் பகுதிக்கு ஒரு மனு எழுதிப் பாருங்கள்.